மணலில் தொடங்கிய எழுத்து: கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான முன்னெழுத்துப் பயிற்சியின் வரலாறு

ஒரு குழந்தை எழுத்துகளை எழுதத் தொடங்கும் முன் அதன் உடலும் கையும் கண்ணும் பெற்றிருக்க வேண்டிய ஆற்றல்களை முன்னெழுத்துத் திறன்கள் என்கிறோம். கோடு இழுப்பதும் பென்சில் பிடிப்பதும் இவற்றில் ஒரு பகுதி. சாயாமல் உட்காருவது, தோளையும் மணிக்கட்டையும் கட்டுக்குள் வைப்பது, ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வேலை செய்வது, பார்த்த வடிவத்தைக் கையால் மீண்டும் உருவாக்குவது, இடது வலது, மேல் கீழ் என்று திசை உணர்வது ஆகியவையும் இவற்றில் அடங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு விளையாட்டின் ஊடாகவே இவை அமைந்துவிடுகின்றன. கற்றல் குறைபாடுள்ள குழந்தைகள் பலருக்கு அப்படி அமைவதில்லை. ஒவ்வொன்றையும் படிப்படியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

காரவள்ளி, நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை இங்கிருந்து மேலேறுகிறது. இத்தகைய ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 'அ' எழுத முடியாமல் திணறினால், பெருநகரக் குழந்தைக்குக் கிடைக்கும் ஆக்குபேஷனல் தெரபி மையம் அதற்கு எளிதில் எட்டுவதில்லை. ஆனால் அம்மையங்களில் குழந்தையின் முன் வைக்கப்படும் எளிய கருவிகளுள் ஒன்று மணல் பரப்பிய தட்டு. மணலில் விரலால் எழுதிப் பழகுவது தமிழ்நாட்டுத் திண்ணைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான முதல் பாடமாக இருந்தது. அந்தப் பொதுப்பாடம் எப்படி மறைந்தது, பின் எப்படிச் சிறப்புப் பயிற்சியாகத் திரும்பி வந்தது என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

திண்ணைப் பள்ளியும் மணலும்

தென்னிந்தியாவில் மணலில் எழுதிப் பழகும் வழக்கத்துக்குப் பழைய சான்றுகள் உண்டு. 1623இல் இன்றைய கர்நாடகப் பகுதியில் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வாலே, சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதி, எழுதியதை உரக்கச் சொல்லிக் கணக்குப் பயில்வதைக் கண்டு பதிவு செய்தார். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பிறகு, 1823இல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் தம் மாவட்டப் பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கையிலும் தரை மணலில் விரலால் எழுதும் பயிற்சி இடம்பெற்றது. உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் 'என் சரித்திரம்' நூலில் தம் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் அங்கே நடந்த மணல் எழுத்துப் பயிற்சியையும் விவரித்திருக்கிறார்.

திண்ணைப் பள்ளியில் எழுத்துக் கற்பித்தலுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் ஆசிரியர் மணலில் எழுதிக் காட்டுவார். பிள்ளை அதன்மேலேயே விரலை ஓட்டும். ஓட்டும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லும். கை பழகிய பிறகு பனையோலை வரும். ஆசிரியர் ஓலையில் எழுத்தாணியால் கீறிக்கொடுத்த தடத்தின்மேல் பிள்ளை எழுதிப் பழகும். எழுத்தாணி பிடித்துத் தானே எழுதுவது அதன் பிறகுதான்.

இன்றைய பயிற்சி முறைகளின் கண்கொண்டு பார்த்தால் இந்த வரிசையில் கவனிக்கத்தக்க கூறுகள் பல உள்ளன. தொடக்கத்தில் பிள்ளைக்குப் பிடிக்க வேண்டிய கருவி எதுவும் இல்லை, விரலே எழுதுகோல். மணலின் உராய்வு, கை எங்கே திரும்புகிறது என்பதை விரல்நுனிக்கு உணர்த்துகிறது. எழுதும் கை, பார்க்கும் கண், சொல்லும் வாய், கேட்கும் காது ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. தவறு செய்தால் உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும், தடம் அழிந்துவிடும். ஓலைக்கு வரும்போது இரு கைகளுக்கும் வேலை வருகிறது: இடக்கை ஓலையைப் பிடித்து, அதன் பெருவிரல் எழுத்தாணிக்கு ஊன்றுகோலாக நிற்க, வலக்கை எழுத்தை உருவாக்கும்.

இந்தப் பள்ளிகளை மிகைப்படுத்திப் போற்றிவிடவும் கூடாது. பிரம்படியும் கடுந்தண்டனையும் அங்கே வழக்கம். எழுத்து வராத பிள்ளை ஏன் திணறுகிறது என்று கேட்கும் வழியும் அங்கில்லை. திண்ணை எல்லாருக்கும் திறந்திருக்கவுமில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்ட கணக்கெடுப்பின் முடிவுகளைத் தொகுத்து, 1826இல் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகக் காட்டினார். அவர்களில் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. ஆகவே 'எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது' என்று மேலே சொன்னது திண்ணையில் ஏற முடிந்த பிள்ளைகளுக்கே பொருந்தும்.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

மணல் எழுத்தை உலகப் புகழ்பெறச் செய்தவர் ஆண்ட்ரூ பெல் (1753–1832). ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இந்தப் பாதிரியார் 1787இல் இந்தியா வந்து, 1789இல் எழும்பூரில் தொடங்கிய படைவீரர் ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் கண்காணிப்பாளரானார். அங்கு கீழ் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துகளைக் கற்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டனர். ஒருநாள் காலை குதிரையில் சென்றபோது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பெல் கண்டார். அதைத் தம் இல்லத்தில் நடைமுறைப்படுத்தச் சொன்னபோது துணை ஆசிரியர்கள் முகம் சுளித்தனர். எனவே படைவீரர் ஒருவரின் மகனான ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அகர வகுப்பை ஒப்படைத்தார். துணை ஆசிரியர்களால் முடியாது என்று கருதப்பட்ட வேலையை அச்சிறுவன் செய்து காட்டினான்.

1796இல் நாடு திரும்பிய பெல், தம் சோதனையை விளக்கும் நூலை 1797இல் இலண்டனில் வெளியிட்டார். மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் அந்த முறை 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. தமிழகத்துச் சட்டாம்பிள்ளை அங்கே 'மானிட்டர்' ஆனார். ஜோசப் லங்காஸ்டர் ஏறத்தாழ அதே காலத்தில் நடத்திய பள்ளிகளிலும் மணல் பரப்பிய மேசைகள் இருந்தன. 1811இல் தொடங்கப்பட்ட 'நேஷனல் சொசைட்டி' பெல்லின் முறையை ஏற்று ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது.

இந்த வரலாற்றில் ஒரு குறை உண்டு. உலகம் பெல்லிடமிருந்து எடுத்துக்கொண்டது முதன்மையாகச் சிக்கனத்தை. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நடத்தலாம், தாளும் மையும் மிச்சம் என்பதே அம்முறையின் ஈர்ப்பு. விரல்நுனி மணலில் என்ன கற்கிறது என்ற கேள்வி பின்தங்கிவிட்டது. எனவே கற்பலகை மலிவானதும் மணல் மேசை கைவிடப்பட்டது.

மணல் மறைந்த விதம்

தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ அதுவே நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் அச்சுப் புத்தகமும் கற்பலகையும் காகிதமும் பரவின. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் மாணவர்களின் தேர்வு முடிவைக் கணக்கிட்டுப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறை வந்தது. ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளை பலகையில் என்ன எழுதிக் காட்டுகிறது என்பது பள்ளியின் வருமானத்தைத் தீர்மானித்தது. எழுதிக் காட்டிய எழுத்துக்கு மதிப்பு கிடைத்தது. அந்த எழுத்துக்குக் கை தயாரான காலத்துக்கு மதிப்பில்லை.

இதற்கு மாறான குரல்களும் எழுந்தன. தம் கையெழுத்து மோசமாக இருந்ததைக் குறித்து வாழ்நாள் முழுதும் வருந்திய காந்தி, குழந்தைக்கு எழுத்துக்கு முன் சித்திரம் கற்பிக்க வேண்டும் என்று தம் சுயசரிதையில் எழுதினார். ஒரு பூவையோ பறவையையோ பார்த்து வரைவதுபோலவே எழுத்தையும் பார்த்து வரையக் குழந்தை கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1937இல் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டமும் கைவேலையைக் கல்வியின் நடுவில் வைத்தது.

விடுதலைக்குப் பின் பள்ளிகள் பெருகின. 1970களுக்குப் பிறகு நர்சரி பள்ளிகளும் மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் ஊருக்கு ஊர் வந்தன. அவற்றின் போட்டியில் எழுதும் வயது கீழே இறங்கியது. மூன்றரை வயதில் எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளை நாலு வரி நோட்டில் வீட்டுப்பாடம் எழுதுவது சாதனையாகக் கருதப்பட்டது. அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளால் வட்டம் போட முடியும். கூட்டல் குறி போடும் திறன் ஏறத்தாழ நான்கு வயதிலும், சதுரம் அதன் பின்னரும், முக்கோணம் ஏறத்தாழ ஐந்து வயதிலும் வருகின்றன. சாய்கோடே வராத கை சுழியும் வளைவும் கொண்ட எழுத்தை எழுத வேண்டிய நிலை உருவாயிற்று. மற்ற பிள்ளைகள் ஒருவாறு ஒப்பேற்றினர். கற்றல் குறைபாடுள்ள பிள்ளை சோம்பேறி என்றும் மக்கு என்றும் பெயர் வாங்கியது.

மாண்டிசோரி கற்ற பாடம்

இந்தியாவில் மணல் மறைந்துகொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவில் இதே கேள்விக்கு வேறொரு திசையிலிருந்து விடை வந்தது. அதற்கும் பெல்லுக்கும் நேரடித் தொடர்பில்லை. பிரெஞ்சு மருத்துவர்களான இத்தாரும் செகேனும் செவித்திறன் இல்லாத குழந்தைகளோடும் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளோடும் பணியாற்றித் தொடு உணர்வின் வழியாகக் கற்பிக்கும் முறைகளை உருவாக்கியிருந்தனர். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி (1870–1952) அந்த முறைகளை 1900ஆம் ஆண்டு வாக்கில் ரோம் நகரில் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளிடம் பயன்படுத்தினார்.

அப்பணியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் தம் நூலில் குறிப்பிடுகிறார். 11 வயதுச் சிறுமி ஒருத்திக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் தையல் வரவில்லை. மாண்டிசோரி தையலை நிறுத்திவிட்டு, காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகக் கோத்துப் பாய்போல் பின்னும் வேலையைக் கொடுத்தார். அது நன்கு பழகிய பின் ஊசியைத் திரும்பக் கொடுத்தபோது சிறுமி தைத்தாள். ஒரு செயலுக்கு வேண்டிய அசைவுகளை, அந்தச் செயலைச் செய்யவைக்காமலே முன்கூட்டித் தயார் செய்யலாம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். முன்னெழுத்துப் பயிற்சி என்று இன்று சொல்லப்படுவதன் அடிப்படைக் கருத்து இதுவே.

இதை எழுத்துக்குப் பொருத்தினார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை, எழுதும் திசையிலேயே குழந்தை விரல்களால் தடவியது. உலோகச் சட்டங்களின் வடிவங்களைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே கோடுகளால் நிரப்பி, பென்சிலுக்குக் கையைப் பழக்கியது. அவரிடம் பயின்ற குறைபாடுள்ள குழந்தைகள் சிலர், மற்ற குழந்தைகளுக்கான தேர்வில் எழுதவும் படிக்கவும் தேறினர். அப்போது எல்லாரும் வியந்தனர். அவரோ, எந்தக் குறைபாடும் இல்லாத குழந்தைகள் ஏன் இதே அளவில் நின்றுவிடுகிறார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியின் விளைவாக 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவருடைய முதல் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது.

அடையாறும் கொடைக்கானலும்

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மாண்டிசோரி தம் மகன் மாரியோவுடன் சென்னை வந்தார். அடையாற்றில் நடந்த முதல் ஆசிரியர் பயிற்சிக்குச் சுமார் 300 பேர் வந்தனர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவராயினர். மாரியோ சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரியின் 70ஆம் பிறந்தநாளான ஆகஸ்ட் 31 அன்று விடுவிக்கப்பட்டார். போர் முடியும்வரை ஊர் திரும்ப வழியில்லாததால், சில மாதங்களுக்கென வந்தவர் 1946வரை தங்கினார். அந்த ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றனர்.

பெல் மணல் எழுத்தைக் கண்ட எழும்பூருக்கு மிக அருகில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், உப்புத்தாள் எழுத்து வந்து சேர்ந்தது. ஆயினும் அது தமிழ்நாட்டில் பெரும்பாலும் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்களின் மழலையர் பள்ளிகளில் நிலைபெற்றது. குறைபாடுள்ள குழந்தைகளிடமிருந்து பிறந்த முறை அது என்ற செய்தியும் மெல்ல மறக்கப்பட்டது.

'கற்றல் குறைபாடு' என்ற பெயர்

கற்றல் குறைபாடு என்பது அறிவுக் குறைவு ஆகாது. பார்வை, கேள்வி, அறிவுத்திறன் ஆகியவை போதுமான அளவில் இருந்தும், வாய்ப்புக் கிடைத்தும், வாசிப்பிலோ எழுத்திலோ கணக்கிலோ குறிப்பிட்ட தடை நீடிப்பதையே அச்சொல் குறிக்கிறது. வாசிப்புத் தடை டிஸ்லெக்சியா என்றும், எழுத்துத் தடை டிஸ்கிராபியா என்றும், கணக்குத் தடை டிஸ்கால்குலியா என்றும் அழைக்கப்படுகின்றன. ஒரே குழந்தையிடம் ஒன்றுக்கு மேற்பட்டவை காணப்படுவதும் உண்டு.

1896இல் ஆங்கில மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கூர்மையான அந்தச் சிறுவனால் எளிய சொற்களையும் வாசிக்க முடியவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் அவனே பள்ளியின் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிவு செய்தார். 1920களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்டன் இத்துறையில் ஆய்வு செய்தார். அவரோடு பணியாற்றிய அன்னா கில்லிங்ஹாம் கண், காது, கை மூன்றையும் ஒருங்கே பயன்படுத்தும் கற்பித்தல் முறையை வகுத்தார். அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் கிரேஸ் ஃபெர்னால்ட், குழந்தை சொல்லை விரலால் தடவியபடி உரக்கச் சொல்லிக் கற்கும் முறையைப் பயன்படுத்தினார். 1963இல் சிகாகோவில் பெற்றோர் கூடிய மாநாடு ஒன்றில் சாமுவேல் கிர்க் 'கற்றல் குறைபாடு' என்ற பொதுப்பெயரைப் பயன்படுத்திய பிறகு அப்பெயர் நிலைத்தது.

தடவுதல், உரக்கச் சொல்லுதல், பார்த்தல், கேட்டல் ஆகியவை திண்ணை மணலிலும் இருந்தவையே. ஒரு வேறுபாடு முக்கியமானது. திண்ணை ஆசிரியர் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேகத்தில் செய்தார்; வராத பிள்ளையை அடித்தார். புதிய முறைகள் ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அந்தப் படியிலிருந்து தொடங்கின.

தமிழ்நாட்டில் நடந்தவை

தமிழ்நாட்டில் இப்பொருளைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததில் சென்னையில் 1990களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனுக்குப் பெரும் பங்கு உண்டு. குழந்தைகளை மதிப்பிடுவதோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதையும் அது தன் பணியாகக் கொண்டது. டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளும் நடைமுறைக்கு வந்தன. 2007இல் வெளியான 'தாரே ஜமீன் பர்' என்ற இந்தித் திரைப்படம் அச்சொல்லைப் பல வீடுகளுக்கு அறிமுகம் செய்தது.

அரசுப் பள்ளிகளில் நடந்த மாற்றம் வேறு வழியில் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08இல் தமிழகம் முழுவதும் விரிவுபெற்றது. அட்டைகளைக் கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேறுவது அதன் அடிப்படை. வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. நின்றபடி செங்குத்தான பரப்பில் எழுதும்போது தோளும் மணிக்கட்டும் வலுப்பெறுகின்றன என்பதால், முன்னெழுத்துப் பயிற்சிக்கு அந்தத் தாழ்ந்த பலகைகள் மிகப் பொருத்தமானவை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரையிலான பிள்ளைகளை அவர்கள் நிற்கும் நிலையிலிருந்து கற்பிப்பதை நோக்கமாகக் கொண்டது.

சட்டத்தில் இடம் தாமதமாகவே கிடைத்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்ற 7 வகைகளில் கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைகளை 21 ஆக்கியபோது குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்றாயிற்று.

எட்டு வயதும் நான்கு வயதும்

சட்டத்தைத் தொடர்ந்து 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கற்றல் குறைபாட்டுக்கான முதற்கட்டச் சோதனை மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ பள்ளியில் நடக்க வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. ஐந்து, ஆறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவதும் மறப்பதும் பல குழந்தைகளிடம் இயல்பாகக் காணப்படுபவை. அப்போதே பெயர் சூட்டினால் தவறாக முடியலாம்.

ஆனால் முன்னெழுத்துத் திறன்கள் வளரும் வயது மூன்று முதல் ஆறு. எட்டு வயதில் சான்றிதழ் பெறும் குழந்தை, அதற்கு முன் நான்கு ஆண்டுகளாவது எழுத்தோடு போராடி, தன்னால் முடியாது என்று முடிவு கட்டியிருக்கும். பெயர் தெரிந்த பிறகுதான் உதவி என்றால், முன்னெழுத்துப் பயிற்சி அதற்கு உரிய காலத்தில் ஒருபோதும் கிடைக்காது. யாருக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறது என்று தெரியாத வயதில் யாரையும் விடாமல் பயிற்சி தருவதே இதற்கு வழி. அங்கன்வாடியிலும் ஒன்றாம் வகுப்பிலும் அது அன்றாடப் பாடமாக இருக்க வேண்டும். திண்ணைப் பள்ளி தன்னை அறியாமல் செய்துவந்ததும் இதுவே.

தமிழ் எழுத்து கேட்கும் திறன்கள்

எந்த எழுத்துமுறைக்குக் கையைத் தயார் செய்கிறோம் என்பதும் முக்கியம். ஆங்கிலப் பயிற்சி ஏடுகளை அப்படியே பின்பற்றினால் தமிழ்ப் பிள்ளைக்குப் பாதிப் பயிற்சியே கிடைக்கும். தமிழில் ட, ப ஆகியவை நேர்க்கோடுகளால் ஆனவை. அ, ஆ, இ போன்றவை தொடக்கத்திலேயே சுழியும் வளைவும் கேட்பவை. அகரவரிசையில் முதலில் நிற்கும் 'அ' எழுதுவதற்கு எளிய எழுத்து இல்லை. எனவே ட, ப, ம, ய என்று வடிவ ஒற்றுமையைக் கொண்டு தொடங்கும் வழக்கம் ஆசிரியர்களிடையே உள்ளது. கற்றல் குறைபாடுள்ள குழந்தைக்கு அது பெரிதும் உதவும்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் இரண்டு உண்டு. ஒன்று, சுழிகளின் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் ன, ண போன்றவை. மற்றொன்று, ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் மாறுவது. 'கெ' என்பதில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் வர, எழுதும்போது கொம்பு முன்னே வருகிறது. 'கொ' என்பதில் குறிகள் இருபுறமும் நிற்கின்றன. ஒலிகளின் வரிசையையே சிரமப்பட்டுப் பிடிக்கும் குழந்தைக்கு இது இரட்டைச் சுமை. 1978இல் தமிழக அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம், பெரியார் 1935 முதல் 'குடிஅரசு' இதழில் கையாண்ட வடிவங்கள் சிலவற்றை ஏற்று, ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கியது. அச்சுக்கு எளிமை என்று பேசப்பட்ட அந்த மாற்றம், நினைவில் வைக்க வேண்டிய விதிவிலக்குகளைக் குறைத்ததால் இக்குழந்தைகளுக்கும் நன்மையாயிற்று.

காரவள்ளியில் கைக்கெட்டும் பொருள்கள்

கொல்லிமலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். கேரளத்து மலையாளிகளிலிருந்து வேறானவர்கள். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை இம்மலையின் பழைய பயிர்கள். மலையிலும் அடிவாரத்திலும் முன்னெழுத்துப் பயிற்சிக்கு விலைகொடுத்து வாங்க வேண்டிய பொருள் மிகக் குறைவு. பயிற்சி உடலிலிருந்து விரலுக்கு இறங்க வேண்டும் என்பதே கவனிக்க வேண்டியது.

முதலில் முழு உடல்: தரையில் போட்ட வட்டத்தின்மேலும் வளைகோட்டின்மேலும் பிள்ளை நடக்க வேண்டும், நொண்டியும் ஆடலாம். அடுத்து தோள்: தண்ணீரில் தோய்த்த துணியாலோ தூரிகையாலோ சுவரில் பெரிய கோடுகள் இழுக்கலாம். அடுத்து மணிக்கட்டும் விரலும்: களிமண் உருட்டுதல், பூத்தொடுத்தல், அவரைக்காய் உரித்தல், புளியங்கொட்டை கொண்டு பல்லாங்குழி ஆடுதல். பல்லாங்குழியில் ஒவ்வொரு கொட்டையாகக் குழியில் போடும்போது பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இயங்குகின்றன. பென்சிலைப் பிடிப்பதும் அவ்விரல்களே. அரிசிமாவில் புள்ளிவைத்துக் கோலம் போடுவது கண்ணையும் கையையும் சேர்த்துப் பழக்கும்.

அதன் பிறகு தட்டில் பரப்பிய மணலோ கேழ்வரகோ வரும். நெடுங்கோடு, கிடைக்கோடு, வட்டம், கூட்டல் குறி, சாய்கோடு, சதுரம், முக்கோணம், பின்னர் சுழி என்ற வரிசையில் விரல் ஓட வேண்டும்; ஒவ்வொன்றையும் வாயால் சொல்லியபடி ஓட வேண்டும். மணலுக்குப் பின் பலகையும் சிறு சுண்ணக்கட்டித் துண்டும். துண்டு சிறியதாக இருந்தால் அதை முழுக் கையால் பற்ற முடியாது. விரல்நுனிப் பிடி தானாக வரும். நோட்டும் பென்சிலும் கடைசியில்தான்.

செய்யக்கூடாதவையும் உண்டு. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கைக்கு மாற்றக்கூடாது. எழுத்து வராத பிள்ளைக்கு அதே எழுத்தை நூறுமுறை எழுதும் தண்டனை கொடுக்கக்கூடாது. தவறான அசைவே அதனால் பழகும். திணறலுக்குப் பார்வைக் குறையோ கேட்கும் குறையோ காரணமா என்பதை முதலில் சோதித்துவிட வேண்டும். ஆறு மாதப் பயிற்சிக்குப் பின்னும் முன்னேற்றம் தெரியாவிட்டால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்ட வேண்டும்.

மணல் கற்றல் குறைபாட்டைக் குணப்படுத்தும் மருந்து ஆகாது. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு ஒலிகளைப் பிரித்தும் சேர்த்தும் அறியும் பயிற்சி தனியே வேண்டும். மணல் செய்வது ஒன்றுதான்: எழுத்து வரும் நாளில் கை பின்தங்கி நிற்காமல் பார்த்துக்கொள்கிறது. எழுத்தோடு வேறு காரணங்களால் போராடப்போகும் குழந்தைக்குக் கையோடும் போராடும் சுமை குறைகிறது.

எழும்பூரில் பெல்லின் துணை ஆசிரியர்கள் செய்ய மறுத்ததை எட்டு வயதுச் சிறுவன் செய்தான். அவனுக்கு வேண்டியிருந்தது மணல் பரப்பிய ஒரு பலகையும், ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பார்க்கும் பொறுமையும்தான். காரவள்ளியின் அங்கன்வாடியிலும் ஒன்றாம் வகுப்பிலும் அவ்விரண்டுக்கும் இடமிருந்தால், மூன்றாம் வகுப்பில் சோதனைக்கு வரும் பிள்ளை, தன்னால் முடியாது என்ற எண்ணத்தைச் சுமந்துகொண்டு வராது.